மலை இறக்கத்தில் பிரேக் சூடாவது: கனரக வண்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது, தொப்பூர் கணவாய் ஒரு மலைப்பாதை என்றே புதியவர்களுக்குத் தோன்றாது. அகலமான நால்வழிச் சாலை, நீளமான வளைவுகள், நல்ல தார். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதை அப்படி இல்லை. 27 கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து டிரைவரைப் பயமுறுத்தி, தானாகவே வேகத்தைக் குறைக்க வைத்துவிடும். தொப்பூர் பயமுறுத்தாது. அங்கே இத்தனை லாரிகள் கட்டுப்பாடு இழப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து டாப் கியரிலேயே வந்த வண்டி, அதே டாப் கியரில், சில சமயம் நியூட்ரலில், இறக்கத்துக்குள் நுழைகிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தபடியே பாதி தூரம் வந்துவிடுகிறார். அப்புறம் மிதித்தால் பெடல் இறங்குகிறது, வண்டி நிற்பதில்லை.

மறுநாள் பேப்பரில் 'பிரேக் பிடிக்காததால்' என்று வரும். அந்த வண்டியை அவிழ்த்துப் பார்த்தால் பல நேரங்களில் எதுவும் உடைந்திருக்காது. சூடு ஆறியதும் அதே பிரேக் பிடிக்கும். உடையாத பிரேக்கும் பிடிக்காமல் போகும் என்பதைப் புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த தம்பிகள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது

மூன்று அச்சு, பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் டாரஸ் என்பார்கள். 2018இல் எடை வரம்பை உயர்த்திய பிறகு லோடோடு சேர்த்து இதற்கு அனுமதி 28.5 டன். இந்த வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல், சுமார் 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேறு மாதிரி சொன்னால், சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை முழுதாக நிறுத்தி, மறுபடி 60 போய் மறுபடி நிறுத்தி, இப்படி ஏழு தடவை செய்வதற்குச் சமம். அதுவும் ஆறவிடாமல். மலை இறக்கம் என்றால் 100 மீட்டரோடு முடிவதில்லை. 300, 500, அதற்கு மேலும் இருக்கும்.

இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். போக இரண்டே வழி இருக்கிறது. ஒன்று, எஞ்சின் வழியாக ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும். இன்னொன்று, பிரேக் டிரம்முக்கு. எஞ்சின் தன் சூட்டை நாள் முழுக்க வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்டது. டிரம், சக்கரத்தோடு சுற்றும் வெறும் வார்ப்பிரும்பு உருளை. சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். எந்த வழியில் அனுப்புவது என்பதை டிரைவர் போட்டிருக்கும் கியர்தான் முடிவு செய்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதே இறக்கத்தை 30இல் இறங்கினாலும் 60இல் இறங்கினாலும் மொத்தச் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 60இல் அது பாதி நேரத்துக்குள் வந்து சேர்கிறது. டிரம் ஆறுவதற்கு நேரமே இல்லை. குறைந்த கியரில் 30இல் போகும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெரும்பங்கை அதுவே தாங்கிவிடும். டாப் கியரில் 60இல் போனால் இரண்டு மடங்கு வேலையில் பெரும்பகுதி பிரேக் தலையில்.

டிரம்முக்குள் நடப்பது

ஏர் பிரேக் வண்டியில் பெடலை மிதித்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூஸ்டர் என்ற காற்றறைக்குள் காற்று போகிறது. அது புஷ் ராடைத் தள்ளுகிறது. ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, கேம் சுழன்று, ஷூக்களை வெளிப்பக்கமாக டிரம்மின் உள்சுவரில் அழுத்துகிறது. இப்போது டிரம் சூடாகிறது என்று வையுங்கள். சூடானால் இரும்பு விரியும். டிரம்மின் விட்டம் பெரிதாகும். அதாவது ஷூ தொட வேண்டிய சுவர் ஷூவை விட்டு விலகிப் போகிறது. அதைத் தொட ராடு இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். ஆனால் பூஸ்டருக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே அட்ஜஸ்ட்மென்ட், அதாவது ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி, தளர்ந்திருந்த சக்கரத்தில், சூட்டில் ராடு அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று அனுப்பினாலும் அந்த ஷூ டிரம்மை அழுத்தாது.

இன்னொரு பக்கம், ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும் தன் குணத்தை இழக்கிறது. லைனிங்கைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிய சூட்டில் கருகி வாயு விடுகிறது. உராய்வு குறைகிறது. ஆறிய பிறகு மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிவிடுவதும் உண்டு.

ஷெட்டில் நின்று பிரேக் அடித்துப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். குளிர்ந்த டிரம்மில் எல்லாப் பிரேக்கும் நல்ல பிரேக் போலத்தான் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

முதலில் சொல்வது மூக்கு. நான் டாரஸ் ஓட ஆரம்பித்த முதல் வருடம் ஓர் இறக்கத்தில் கருகிய வாடை வந்தது. முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த மூத்த டிரைவர் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, முன்னாடி வண்டியே இல்ல. இது நம்ம வண்டி. ஓரங்கட்டு" என்றார். பின் சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. லேசாகப் புகை. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: இறக்கத்தில் வாடை வந்தால் அது என் வண்டிதான். அடுத்தவன் வண்டி என்று தெரிந்தால் சந்தோஷம், ஆனால் நிறுத்திப் பார்த்த பிறகு.

அடுத்தது கால். முன்னால் எவ்வளவு மிதித்தால் வேகம் குறைந்ததோ, அதே மிதியில் இப்போது குறையவில்லை என்றால் பிரேக் களைத்துவிட்டது. இந்த மாற்றம் மெதுவாக வருவதால் கால் தன்னை அறியாமல் கூட்டிக்கொண்டே போகும். இரண்டு வளைவுக்கு ஒரு தடவையாவது 'போன வளைவை விட இப்போது அதிகமாக மிதிக்கிறேனா' என்று உங்களையே கேளுங்கள்.

ஏர் மீட்டரையும் பாருங்கள். சாதாரணமாக 8 கிலோ காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிற முள், இறக்கத்தில் ஒவ்வொரு மிதிக்கும் இறங்கி, கம்ப்ரசர் ஏற்றுவதற்குள் மறுபடி இறங்கினால், அடிக்கடி மிதிக்கிறீர்கள் என்று பொருள். பஸ்ஸர் அடிக்கிற வரை காத்திருக்கக் கூடாது. அது 5 கிலோவை ஒட்டி அடிக்கும்; அப்போது உங்களிடம் மிச்சம் அதிகம் இல்லை.

கண்ணாடியில் பின் சக்கரங்களைப் பாருங்கள். பகலில் வெள்ளைப் புகை தெரியும். கிளீனர் தம்பி கூட இருந்தால் இறக்கத்தில் அவனைத் தூங்கவிடாதீர்கள். இடப்பக்கச் சக்கரங்களுக்கு அவன்தான் கண்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் இடமும் வலமும் ஒரே அளவில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்டியரிங்கை மட்டும் சமாளித்துக்கொண்டு போகாதீர்கள்.

நிறுத்திய இடத்தில் ஒவ்வொரு சக்கரமாகச் சூடு பார்க்க வேண்டும். டிரம்மைத் தொடவே கூடாது. நன்றாக ஓடி வந்த டிரம் 200 டிகிரி இருந்தாலும் ஆச்சரியமில்லை. புறங்கையை ஒரு சாண் தள்ளி வைத்து, வரும் அனலை ஒப்பிட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் தெர்மோமீட்டர் கன் இப்போது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஜாக்கி, ஸ்பானர் மாதிரி அதையும் வண்டியின் சாமானாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பீட்டில்தான் நிஜமான செய்தி இருக்கிறது. எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி கொதித்தால், ஓட்டிய விதம் தப்பு. ஒரு சக்கரம் மட்டும் கொதித்து மற்றவை இளஞ்சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தில் கோளாறு: ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், கேம் புஷ் இறுகியிருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் டைட்டாக இருக்கலாம், பூஸ்டர் திரும்பாமல் இருக்கலாம், ஹப் பேரிங் போயிருக்கலாம். சமதளத்தில்கூட அந்தச் சக்கரம் தேய்த்துக்கொண்டேதான் வந்திருக்கும். பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபடாமல் ஓடினாலும் இதே கதிதான். காற்று ஏறினால்தான் அது விடுபடும்; ஏர் முழுதாக ஏறுவதற்குள் வண்டியை எடுக்கிற அவசரத்தில் இது நிறைய நடக்கிறது.

பெரும்பாலானவர்கள் கவனிக்காதது மூன்றாவது நிலை. எல்லாம் சூடு, ஒன்று மட்டும் குளிர்ச்சி. 'இது நல்லா இருக்கு' என்று தாண்டிப் போய்விடுவார்கள். நல்லா இல்லை. அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன, அதனால்தான் அவை கொதிக்கின்றன. குளிர்ந்த சக்கரத்தைக் கண்டால் நான் கொதிக்கிற சக்கரத்தைவிட அதிகமாகப் பயப்படுவேன்.

இறங்கும் முன் மேலே செய்ய வேண்டியது

இறக்கம் தொடங்கும் முன் சமமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். டீ குடிக்கிற நேரம் போதும். டயருக்குக் கட்டை போடுங்கள். ஏர் முழுதாக ஏறியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விட்டு, கிளீனரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வண்டியைச் சுற்றி வந்து எங்காவது 'உஸ்ஸ்' என்று காற்றுக் கசிகிறதா என்று கேளுங்கள். மீட்டர் முள் மளமளவென்று இறங்கினால் இறக்கத்தில் கால் வைக்க வேண்டாம்.

புஷ் ராடு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கச் சாக்பீஸ் போதும். பிரேக் மிதிக்காதபோது, பூஸ்டர் வாயை ஒட்டி ராடில் ஒரு கோடு போடுங்கள். மீட்டர் 6, 7 கிலோவில் இருக்கும்போது நன்றாக மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து பாருங்கள். பின் அச்சுகளில் சாதாரணமாக இருக்கும் 30 எண் பூஸ்டருக்கு 2 அங்குலத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். 24 எண் பூஸ்டருக்கு ஒன்றே முக்கால் அங்குலம். அது குளிர்ந்த நிலையில் உள்ள கணக்கு. சூட்டில் இன்னும் கூடும். ஓர் அச்சின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும் முக்கியம். தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அளவு மீறியிருந்தால் கையால் டைட் செய்துவிட்டுப் போகாதீர்கள். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டியது செய்யவில்லை என்றால் அதற்குள் ஏதோ பழுது. ஸ்பானர் போட்டால் அன்றைக்கு மறையும், அவ்வளவுதான்.

ஹப் பக்கம் கிரீஸ் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லைனிங்கில் கிரீஸ் பட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது.

அப்புறம் கியர். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இன்றைய வண்டிகளுக்கு அதைவிட ஒரு கியர் குறைவாகவே போடச் சொல்வேன். இப்போது எஞ்சின் பலம் கூடிவிட்டது. உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுகிறது. இறங்கும்போது இழுத்துப் பிடிக்கும் பலம் அதே அளவு கூடவில்லை. எந்தக் கியராக இருந்தாலும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி வழியில், வண்டி வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைக்கப் போனால், இருந்த கியர் கழன்று, போட வேண்டிய கியர் விழாமல், நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். இறக்கத்தில் அதைவிட மோசமான நிலை கிடையாது.

இறங்கும்போது

எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இறக்கம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். சைலன்சருக்குப் போகிற வழியை அடைத்து எஞ்சினைத் திணறவைத்து வண்டியைப் பிடிப்பது அது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்குப் பலம். டாப் கியரில் போட்டுவிட்டு 'எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லை' என்பார்கள்; குற்றம் கியரில். ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில், அதிலும் காலி வண்டியில், பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அணைத்துவிடுங்கள்.

அதற்கு மேலும் வேகம் கூடினால்தான் கால் பிரேக்குக்குப் போக வேண்டும். இதில் ஒரு முறை இருக்கிறது. 30இல் இறங்குவது என்று தீர்மானித்திருந்தால், முள் 30ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 22, 23க்குக் கொண்டுவாருங்கள். முழுதாகக் காலை எடுத்துவிடுங்கள். மறுபடி 30 வரட்டும். லேசாக மிதித்தபடியே வருவது மென்மையாகத் தெரியும், ஆனால் அதுதான் கெடுதல். குறைந்த காற்றில் எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. சில சக்கரங்கள் முந்திக்கொண்டு எல்லாச் சூட்டையும் தாங்களே வாங்கிக்கொள்ளும். அழுத்தி மிதிக்கும்போது வேலை எல்லாச் சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது.

மூன்று நான்கு வளைவுக்குள்ளேயே அடிக்கடி மிதிக்க வேண்டி வந்தால், போட்டிருக்கிற கியர் தப்பு. உடனே வேகத்தைக் கொன்று, ஓரங்கட்டி, நின்ற நிலையில் கீழ்க் கியர் போட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதையும் மறக்க வேண்டாம். இறங்குகிற நாம் எந்த இடத்திலும் நிற்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

இப்போது நியூட்ரல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது இதில்தான். டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுகிறார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்குத்தான் என்று சில முதலாளிகள் சொல்வதும் காரணம். ஆனால் கணக்கே தப்பு. இன்றைய எலக்ட்ரானிக் எஞ்சின்களில், வண்டியைக் கியரில் வைத்தபடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் முழுதாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். அதாவது நியூட்ரலில்தான் செலவு அதிகம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. கம்ப்ரசர் நின்றுவிடும், ஏர் ஏறாது. பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இறக்கம் உள்ள ரூட்டுகளுக்கு டீசல் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு சக்கர மினி லாரி, டெம்போ, வேன் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் காற்றுக்குப் பதில் பிரேக் ஆயில் இருக்கும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரகப் புதிய ஆயில் கொதிக்காமல் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பிறகு 140 தாங்கினால் போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழாகி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போய்விடும். கம்பெனி சொல்கிற காலக்கெடுவில் ஆயிலை மாற்றுங்கள். ஊட்டிக்கும் கொல்லிமலைக்கும் ஆள் ஏற்றிப் போகிற வேன்காரர்கள் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

சூடாகிவிட்டால்

பிடி இன்னும் இருக்கிறபோதே நிறுத்துங்கள். காய்ந்த புல், சருகு இல்லாத இடம், முடிந்தவரை சமமான இடம். பஸ் என்றால் முதலில் ஆட்களை இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். டயருக்குக் கட்டை போடுங்கள், கியரில் விடுங்கள். வண்டி நகராது என்று உறுதியானால் பார்க்கிங் பிரேக்கை விட்டே வையுங்கள். கொதிக்கிற டிரம்மில் ஷூவை இறுக்கி வைத்தால் இரண்டுக்கும் சேதம். கட்டை சரியில்லை, சரிவாக இருக்கிறது என்றால் பார்க்கிங் பிரேக்கைப் போடத்தான் வேண்டும். டிரம் போனால் போகட்டும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாமல்கூட. தானாக ஆறட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. இரண்டு டயருக்கு நடுவே மாட்டிய டிரம் இன்னும் மெதுவாகத்தான் ஆறும்.

புகை போய்த் தீ தெரிந்தால் கதை வேறு. அப்போது டிரம்மைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தீயணைப்பானை அடியுங்கள், 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் நிறைய கிடைத்தால் டயர்த் தீக்கு அதுதான் மருந்து. பவுடர் தீயை அமர்த்தும், ஆனால் உள்ளே சூடு இருப்பதால் மறுபடி பற்றும். சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. டயர் வெடித்தால் அந்தத் திசையில்தான் வேகம். வண்டியின் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ இருந்து அணுகுங்கள்.

ஆறிய பிறகு உடனே இறங்க வேண்டாம். சமமான இடத்தில் பத்தடி நகர்த்தி, மிதித்துப் பாருங்கள். புஷ் ராடு அளவை இன்னொரு தடவை எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முன்பு இருந்ததைவிடக் குறைந்த கியரில் மீதி இறக்கத்தை முடியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்த வண்டி என்றால் மெக்கானிக்கை மேலே வரவழைப்பதுதான் சரி. லோடு லேட்டாகும். லேட்டாகட்டும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சக்கரங்களைக் கழற்றச் சொல்லுங்கள். டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கின்றனவா, விரிசல் விளிம்பு வரை ஓடியிருக்கிறதா, லைனிங் பளபளக்கிறதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கோடு நின்று நீங்களே பாருங்கள். விளிம்பைத் தொட்ட விரிசல் உள்ள டிரம்மைக் கடைந்து மறுபடி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹப்பில் கிரீஸ் உருகி ஓடியிருக்கும். பேரிங்கைக் கழுவிப் பார்த்து, புது கிரீஸ் வைத்து, ஆயில் சீலை மாற்றச் சொல்லுங்கள். டயரின் உள் ஓரம், ரிம்மோடு உட்காரும் இடம், வெந்து கெட்டியாகியிருந்தால் அந்த டயரும் போய்விட்டது. மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு தடவை மறுபடி டைட் பாருங்கள்.